டாப்ளர் ஸ்கேனுக்குப் பெயர் தந்தவர்

கால் வீக்கம், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு என்று போனால் டாக்டர் 'டாப்ளர் ஸ்கேன்' எழுதித் தருவார். டாப்ளர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று உங்களுக்குத் தெரியுமா?

கிறிஸ்டியன் டாப்ளர் 1803-ல் சால்ஸ்பர்க் நகரில் கல்தச்சர் குடும்பத்தில் பிறந்தார். உடல் பலம் போதாததால் குடும்பத் தொழிலுக்குப் போகாமல் கணிதம் படித்தார். நிலையான வேலை கிடைக்காமல் அமெரிக்காவுக்குக் கிளம்ப இருந்தபோது, பிராக் நகரில் ஆசிரியர் பணி கிடைத்தது. ஒளியோ ஒலியோ எழுப்பும் பொருள் நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும் என்று 1842-ல் அங்கே அறிவித்தார். 1845-ல் நெதர்லாந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதவைத்து அதைச் சோதித்து உறுதிசெய்தார்கள். நுரையீரல் நோயால் 1853-ல் வெனிஸில் இறந்தபோது டாப்ளருக்கு வயது 49. தன் கண்டுபிடிப்பு மருத்துவத்துக்கு உதவியதை அவர் பார்க்கவில்லை.

ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியை வைத்து, ரத்தம் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் ஓடுகிறது என்று இந்த ஸ்கேன் காட்டுகிறது.

நீங்கள் போகும்போது:

• ஊசி, கதிர்வீச்சு கிடையாது. ஜெல் தடவிப் பார்ப்பார்கள்.
• கால், கழுத்துக்குப் பொதுவாகச் சாப்பிட்டுவிட்டே போகலாம். வயிற்று ரத்தக்குழாய் என்றால் வெறும் வயிறு தேவைப்படும், முன்கூட்டியே கேளுங்கள்.
• தளர்வான உடை உடுத்துங்கள்.
• நடுவில் 'உஸ் உஸ்' என்று கேட்டால் பயப்படாதீர்கள். அது உங்கள் ரத்த ஓட்டத்தின் சத்தம்.

ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.