நாடுகளின் நாடி பார்த்த பேரறிஞர் இப்னு கல்தூன்

வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில், ஹிஜ்ரி 732ஆம் ஆண்டு ரமளான் முதல் நாள், அதாவது கி.பி. 1332 மே 27இல் பிறந்தவர் அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன். இவர்தம் முன்னோர் யமன் நாட்டு ஹளரமவ்த்திலிருந்து ஸ்பெயினுக்குச் சென்று, செவில் நகரில் செல்வாக்குடன் விளங்கியவர்கள். 1248இல் அந்நகர் கிறித்தவ அரசின் வசமாவதற்குச் சற்று முன்னர்க் கடல் கடந்து ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தனர். ஆகவே, ஓர் அரசு எவ்வாறு அழிகின்றது என்னும் வினா அக்குடும்பத்தின் வீட்டு வினாவாகவே இருந்திருத்தல் வேண்டும்.

இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து, ஹதீஸும் ஃபிக்ஹும் அரபு இலக்கணமும் பயின்று வந்த அவருக்குப் பதினேழு வயது நிகழுங்கால் பேரிடி விழுந்தது. 1348-49இல் பரவிய கொள்ளை நோயில் பெற்றோர் இருவரும் மாண்டனர். ஆசான்மார் பலரும் மறைந்தனர். மக்கள்தொகை குறைந்தபோது உழவும், தொழிலும், வீதிகளும், அரசின் வலிமையும் ஒருசேரக் குன்றியதை அவ்விளைஞர் கண்ணாரக் கண்டார். ஒன்று தளர்ந்தால் மற்றவையும் தளரும் என்பதை ஏட்டில் கற்குமுன் வாழ்வில் கற்றவர் அவர்.

பின்னர் அவர் ஈடுபட்ட அரசியல் வாழ்வு அத்துணைத் தூய்மையானதன்று. ஃபெஸ், கிரனாடா, புஜாயா என அரண்மனைதோறும் பதவி ஏற்றார், அணி மாறினார், ஃபெஸ் நகரில் ஏறத்தாழ இருபத்தொரு மாதம் சிறையும் இருந்தார். 1364இல் கிரனாடாவின் தூதராகச் செவில் சென்றபோது, தம்மிடம் தங்கினால் முன்னோர் சொத்தைத் திருப்பித் தருவதாகக் காஸ்டில் மன்னர் பெட்ரோ கூறியும் மறுத்துத் திரும்பினார்.

அரசியல் சலித்த நிலையில், 1375இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் குடும்பத்துடன் ஒதுங்கினார். அங்கேதான், 1377இல், ஐந்தே மாதங்களில் முகத்திமாவின் முதல் வடிவம் உருப்பெற்றது. கிதாபுல் இபர் என்னும் பெரும் வரலாற்று நூலுக்கு முன்னுரையாக எழுந்த அது, மூல நூலையே மறைத்து நிற்கும் புகழ் பெற்றுவிட்டது.

அந்நூலில் அவர் காட்டும் தொடர்பினை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் தகும். புதிதாக எழுந்த அரசு எளிமையாக வாழ்கின்றது, வரியும் குறைவு. உழைப்பின் பயன் தமக்கே கிட்டுமென நம்பும் மக்கள் ஊக்கமுடன் உழுகின்றனர். விளைச்சல் பெருக, மக்கள் பெருக, குறைந்த வரியிலிருந்தே நிறைந்த வருவாய் வருகின்றது. அவ்வருவாயே ஆடம்பரத்தை வளர்க்கின்றது. ஆடம்பரத்திற்குப் பணம் போதாமையால் வரி உயர்கின்றது. நகர வாயில்களிலும் சந்தைகளிலும் புதுப்புதுத் தீர்வைகள் முளைக்கின்றன. அரசனே வணிகனாகிக் குடிகளோடு போட்டியிடுகின்றான். கூலியின்றி வேலை வாங்குதலும் பொருள் பறித்தலும் தொடர்கின்றன. நம்பிக்கை இழந்த உழவன் நிலத்தைக் கைவிடுகின்றான். தானியச் சேமிப்பு அருகிப் பஞ்சம் வருகின்றது. நெருக்கம் மிகுந்த நகரங்களில் நோய் பரவுகின்றது. வருவாய் குறைந்ததைக் கண்ட அரசு வரியை மேலும் கூட்டுகின்றது! நோயை மருந்தென்று எண்ணிப் புகட்டும் இப்பேதைமையை அவர் போல் தெளிவுற விளக்கியோர் அவர்க்குமுன் அரியர்.

ஒரு விளைவு திரும்பிவந்து தன் காரணத்தையே வலுப்படுத்துவதை இக்கால முறைமை அறிவியலார் பின்னூட்டம் என்பர். மக்கள்தொகை, உணவு, தொழில், இயற்கை வளம், மாசு ஆகிய ஐந்தனையும் ஒரே வலையாகக் கொண்டு கணிப்பொறியில் ஆராய்ந்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக அறிஞர் குழுவினர் 1972இல் வளர்ச்சியின் எல்லைகளைப் பற்றி எழுதினர். நிலைத்த வளர்ச்சிக்கான கொள்கை வகுப்போர் இன்று இம்முறையைக் கையாளுகின்றனர். இப்னு கல்தூனின் அரசுச் சுழற்சியைப் பீட்டர் டுர்ச்சின் 2003இல் கணிதச் சமன்பாடுகளாகவே அமைத்துக் காட்டினார்.

இதனால், எல்லாவற்றையும் நம்மவரே முன்பே கண்டுவிட்டனர் என்று மேடையில் முழங்குவது முறையாகாது. (அவ்வழக்கம் நம்மிடையே சற்று மிகுதி.) அரசின் முதுமையை மனிதரின் முதுமை போன்று பெரிதும் தவிர்க்கவொண்ணாததாகவே அவர் கருதினார், பெரும்பாலும் மூன்று தலைமுறை, சுமார் 120 ஆண்டு, என அதற்கு ஆயுளும் வரைந்தார். இக்காலத்தாரோ கொள்கையை மாற்றிப் போக்கையும் மாற்றலாம் என நம்புகின்றனர். இவ்வேறுபாட்டை ஒளித்தல் கூடாது. 1981இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் வரிக்குறைப்புக்கு ஆதரவாக இவர் பெயரை எடுத்தாண்டார். வரியைப் பற்றிச் சொன்னதை எடுத்துக்கொண்டு, அநீதி நாட்டைப் பாழாக்கும் என்று அவர் விரித்துரைத்ததை விட்டுவிடுதல் அரைகுறைப் படிப்பேயாகும்.

1382இல் எகிப்து சென்ற அவர் 1384இல் கெய்ரோவில் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழியானார். பொய்ச் சாட்சியையும் பரிந்துரையையும் பொறாத கண்டிப்பு அவருக்குப் பகைவரைத் தேடித் தந்தது. அவ்வேளையில்தான் துனிஸிலிருந்து கப்பலில் வந்த குடும்பத்தார் அலெக்சாந்திரியா அருகே கடலில் மூழ்கினர். பதவியும் போயிற்று. 1387இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார், திரும்பிவந்து பாடம் சொல்லிக் கொடுத்தார், நூலைத் திருத்திக்கொண்டேயிருந்தார்.

1401இல் தைமூரின் படை திமிஷ்கை முற்றுகையிட்டபோது, எழுபதை நெருங்கிய அம்முதியவர் கயிறு கட்டி மதிலிலிருந்து இறங்கிச் சென்று அவ்வெற்றி வேந்தரைச் சந்தித்தார். தைமூர் கேட்டவண்ணம் மக்ரிபு நாடுகளின் நிலவியலை எழுதியும் கொடுத்தார். அந்நகர் எரிந்ததையும் அவர் கண்டார்.

கெய்ரோ மீண்டபின் காழிப் பதவி வருவதும் போவதுமாக இருந்தது. ஆறாம் முறையாக அதனை ஏற்றிருந்த நிலையில், 1406 மார்ச் திங்களில், தாம் பிறந்த அதே ரமளான் மாதத்தில் வபாத்தானார். நஸ்ரு வாயிலுக்கு வெளியே சூஃபியர் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பெற்றார்.