டாரதி தாம்ப்ஸன் அம்மையார்

நாடாள்வோரையும் நாடாள விழைவோரையும் நேரிற் கண்டு வினவும் பணியிற் பெயர்பெற்ற ஓர் அமெரிக்கப் பெண்மணியின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

டாரதி தாம்ப்ஸன் 1893-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆந் தேதி நியூயார்க் மாகாணத்து லங்காஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மெதடிஸ்ட் சபைப் போதகர். சிறு வயதிலேயே தாயை இழந்த இவர், ஸிரக்யூஸ் சர்வகலாசாலையிற் பயின்று 1914-இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் மகளிர் வாக்குரிமைக்காக ஊர் ஊராகச் சென்று பேசினார். 1920-இல், கைப்பொருள் சிறிதும் துணிவு பெரிதுமாக, ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். அவ்வாண்டிலேயே அயர்லாந்தில், கார்க் நகரத் தலைவர் டெரன்ஸ் மாக்ஸ்வினி சிறைப்படுவதற்குச் சிறிது முன்னர் அவரைக் கண்டு பேசினார். மாக்ஸ்வினி உண்ணாவிரதமிருந்து சிறையில் உயிர் துறந்தமையால் அப்பேட்டி பெருமதிப்புப் பெற்றது. பின்னர் வியன்னாவிலும் பெர்லினிலும் நிருபராயிருந்து புகழ் வளர்த்தார். 1928-இல் நாவலாசிரியர் ஸிங்க்ளேர் லூயிஸை மணந்தார்.

இனி, இவர் வாழ்வில் நாம் நின்று நோக்கற்பாலது 1931-ஆம் ஆண்டு நவம்பர் மாத நிகழ்ச்சியேயாகும். ஹிட்லர் அப்போது பதவி எதுவும் ஏற்றிலர். ஆயினும் ஜெர்மனியில் அவர் கட்சி பெருகி வந்தது. பல ஆண்டுகளாக முயன்றும் கிட்டாத பேட்டி, பெர்லினில் கைஸர்ஹாப் ஹோட்டலில் அம்மையாருக்குக் கிட்டியது. மூன்றே கேள்விகள், அவையும் முன்னதாகவே எழுதிக் கொடுக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. அம்மையார் அதற்கிசைந்தார். அதிகாரம் கைவந்தால் உழைக்கும் மக்களுக்கு யாது செய்வீர் என்பது ஒன்று. குடியரசின் அரசியற் சட்டத்தை ஒழிப்பீரோ என்பது ஒன்று. படைக்குறைப்புப் பற்றியும் பிரான்ஸ் தேசத்தைப் பற்றியும் கருத்து யாது என்பது மற்றொன்று. இவற்றில் வசைமொழி ஒன்றுமில்லை. நழுவ இடந்தருஞ் சொல்லும் இல்லை. மரியாதை குன்றாமல் மார்பிற் குறிவைக்கும் வினாக்கள் இவையென்போம்.

ஹிட்லரோ எதிரிருந்த ஒருவரோடு பேசுவது போலன்றிப் பெருங்கூட்டத்திற் பிரசங்கிப்பது போலவே பேசினார். ஆயினும் அரசியற் சட்டம் பற்றிய வினாவுக்கு ஒளிவுமறைவின்றி விடையளித்தார். சட்ட வழியிலேயே அதிகாரம் பெறுவதாகவும், பெற்றபின் பாராளுமன்றத்தையும் அச்சட்டத்தையும் ஒழிப்பதாகவும் கூறினார்.

இதனினும் தெளிவான விடையை எந்த நிருபர் பெறுதல் கூடும்? ஆனால் அம்மையார் அதனை நம்பவில்லை. அறையினுட் புகுந்த ஒரு நிமிஷத்திற்குள்ளாகவே, இவர் அற்பர், சர்வாதிகாரியாகும் தகுதியற்றவர் என்று மனத்தில் முடிவு கட்டிவிட்டார். 1932-இல் வெளியிட்ட நூலிலும் அவ்வாறே எழுதினார். 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் பிரதம மந்திரியானார். இரண்டு மாதம் நிரம்புமுன்னரே பாராளுமன்றத்தின் அதிகாரம் பறிபோயிற்று. அம்மையார் மீது ஏளனம் புரிந்தோர் பலர். கேள்வியிற் குறைகாண்பதற்கில்லை; ஆளைப் பற்றிய இகழ்ச்சியே அவர் செவியை அடைத்தது என்பது எம் கருத்து. தலைவனுக்குச் செலுத்தும் மரியாதை என்பது வணங்கிக் குழைவதன்று; அவன் சொல்லை, வெறுக்கத்தக்கதாயினும், எடைபோட்டுப் பார்ப்பதே. வெளியே அதனைக் காட்டிய அம்மையார் உள்ளத்தில் அதனைக் கொண்டிலர் போலும்.

ஹிட்லரோ அந்நூலை மறந்திலர். 1934 ஆகஸ்ட் மாதம் அம்மையார் மீண்டும் பெர்லின் சென்றபோது, இருபத்துநான்கு மணி நேரத்துள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்று உத்தரவு வந்தது. பிறநாட்டு நிருபர்கள் திரண்டு புகைவண்டி நிலையத்துக்கு ரோஜா மலர்களோடு வந்து வழியனுப்பினர். உத்தரவுக் கடிதத்தை அம்மையார் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்.

1936 முதல் நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூனில் எழுதிய பத்திகளில், முன்பு நம்பாததை நாடறிய எச்சரித்து வந்தார். 1939 பிப்ரவரியில் நியூயார்க்கில் நாஜி ஆதரவாளர் கூட்டிய பெருங்கூட்டத்தில், பத்திரிகையாளர் வரிசையிலிருந்து உரக்க நகைத்தமையால் காவலர் அவரை வெளியே அழைத்துச் சென்றனர். அம்முறை அவர் வினவச் சென்றாரல்லர். 1961-இல் லிஸ்பன் நகரிற் காலமானார்.