கல்லறையில் புதைத்த கவிதை ஏடு

1869-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ந் தேதி இரவு. லண்டன் நகரின் வடக்கே உள்ள ஹைகேட் இடுகாட்டில் சில பேர் கூடினார்கள். பக்கத்தில் நெருப்பு மூட்டப்பட்டது. ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். ஏழு ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுக்குள் கிடந்த சவப்பெட்டியைத் திறந்தார்கள். அதிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார்கள். பெட்டியை மறுபடி மூடிப் புதைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் நகை திருட வந்த கள்வர்கள் அல்ல. உள்நாட்டு மந்திரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் எடுத்தது கையால் எழுதிய ஒரு கவிதை ஏடு. பெட்டிக்குள் இருந்தவள், அந்தக் கவிதைகளை எழுதியவரின் மனைவி. அவளோடு ஏட்டைப் புதைத்தவரும் அவரே. தோண்டி எடுக்கச் சொன்னவரும் அவரே!

அவர்தான் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான தாந்தே கேப்ரியல் ராசெட்டி.

தாந்தேயின் பெயர்

ராசெட்டி 1828-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை இத்தாலி நாட்டுக் கவிஞர். அரசியல் காரணமாகத் தாய்நாட்டை விட்டு ஓடிவந்து, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இத்தாலிய மொழிப் பேராசிரியராக இருந்தார். இத்தாலியப் பெருங்கவி தாந்தேயிடம் அவருக்கு அளவு கடந்த பக்தி. அதனால்தான் மகனுக்கும் அந்தப் பெயர் வந்தது.

தாந்தே, பியாட்ரிஸ் என்ற பெண்ணை நேசித்தார். அவள் 1290-ல் இளமையிலேயே இறந்துவிட்டாள். அந்தத் துயரத்தைத் தாந்தே ஒரு நூலாக எழுதினார். அந்த நூலை ராசெட்டி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். காதலியைப் பறிகொடுத்த கவிஞனின் கதை தம் வாழ்க்கையிலும் நடக்கப் போகிறது என்பதை அப்போது அவர் அறியவில்லை.

தொப்பிக் கடைப் பெண்

1848-ல் ராசெட்டியும் மில்லே, ஹண்ட் முதலிய இளம் ஓவியர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். பழைய ஓவிய விதிகளை உதறிவிட்டு, கண்ணால் கண்டதைக் கண்டபடி தீட்ட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஓவியர் ஒருவர், லண்டனில் தொப்பிக் கடை ஒன்றில் வேலை பார்த்த பெண்ணைக் கண்டார். உயரமான உருவம், செம்பொன் நிறக் கூந்தல். பெயர் எலிசபெத் சிடல். ஓவியர்கள் அவளை முன்னே நிறுத்திப் படம் எழுதத் தொடங்கினார்கள்.

மில்லே எழுதிய 'ஒபீலியா' உலகப் புகழ் பெற்ற படம். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஒபீலியா, நீரில் மிதக்கும் காட்சி அது. அதற்காக எலிசபெத் பல நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் படுத்துக் கிடந்தாள். நீர் குளிராமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் விளக்குகள் வைத்திருந்தார்கள். ஒரு நாள் விளக்குகள் அணைந்துவிட்டன. மில்லே வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. கடும் ஜலதோஷம் கண்டு படுத்தாள். டாக்டர் செலவை மில்லே கொடுக்க வேண்டியதாயிற்று.

பத்து வருஷக் காத்திருப்பு

பிறகு ராசெட்டி அவளைத் தமக்கு மட்டுமே உரியவளாக்கிக் கொண்டார். நூற்றுக்கணக்கில் அவளைப் படம் எழுதினார். அவளுக்கு ஓவியம் கற்றுக் கொடுத்தார். அவள் வரைந்த படங்களைக் கண்டு வியந்த கலை விமர்சகர் ரஸ்கின், 1855-ல் ஆண்டுக்கு 150 பவுன் கொடுத்து ஆதரிக்க முன்வந்தார். அவள் கவிதையும் எழுதினாள்.

ஆனால் திருமணம் மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. ராசெட்டியின் மனம் வேறு பெண்களிடமும் சென்றது. எலிசபெத்தின் உடல் நலிந்தது. வலியையும் தூக்கமின்மையையும் தணிக்க, சாராயத்தில் கரைத்த லாடனம் என்ற அபின் மருந்தைக் குடிக்கப் பழகினாள். அந்நாளில் அது கடைகளில் எளிதாகக் கிடைத்தது.

1860-ம் ஆண்டு மே மாதம், ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் இருவருக்கும் மணம் நடந்தது. மறு ஆண்டு மே மாதம் ஒரு பெண் குழந்தை இறந்தே பிறந்தது. பார்க்க வந்த நண்பர்கள் கண்ட காட்சி உள்ளத்தை உருக்குவது. எலிசபெத் காலித் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் போட்டால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று எச்சரித்தாள்!

துயர இரவு

1862-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி இரவு, கணவனும் மனைவியும் கவிஞர் ஸ்வின்பர்னுடன் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். ராசெட்டி மறுபடி வெளியே சென்றார். திரும்பி வந்தபோது எலிசபெத் நினைவற்றுக் கிடந்தாள். படுக்கை அருகே லாடனம் புட்டி. டாக்டர்கள் எவ்வளவோ முயன்றார்கள். மறுநாள் காலையில் உயிர் பிரிந்தது. விசாரணை நடத்திய அதிகாரி, தற்செயலாக நேர்ந்த மரணம் என்று தீர்ப்பளித்தார். பின்னால் வேறு பேச்சுகளும் எழுந்தன.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் ராசெட்டி ஒரு சிறு ஏட்டைக் கொண்டு வந்தார். அவர் எழுதிய கவிதைகள் அதில் இருந்தன. பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. மனைவி நோயில் துடித்தபோது, அவளைக் கவனிக்காமல் இந்தக் கவிதைகளில் மூழ்கியிருந்தோமே என்பது அவர் மனத்தை அறுத்தது. ஏட்டை அவள் கன்னத்தருகே கூந்தலுக்குள் வைத்தார். நண்பர் ஒருவருக்கு இது சரியாகப் படவில்லை. தம்பி வில்லியம் தடுக்கவில்லை.

கொடுத்ததைத் திரும்ப எடுத்தார்

அதன் பிறகு ராசெட்டி 'பியாட்டா பியாட்ரிக்ஸ்' என்ற படத்தை எழுதினார். தாந்தேயின் பியாட்ரிஸாக எலிசபெத் கண்மூடி அமர்ந்திருக்கிறாள். ஒரு பறவை அவள் கைகளில் கசகசாப் பூவைப் போடுகிறது. அபின் கிடைப்பது அந்தச் செடியிலிருந்துதான்!

ஆண்டுகள் ஓடின. 1867-க்குப் பின் ராசெட்டிக்குத் தூக்கம் போயிற்று. கண் பார்வை மங்குவதாகத் தோன்றியது. ஓவியம் கைவிட்டால் கவிதையாவது மிஞ்சட்டும் என்று மீண்டும் எழுதத் தொடங்கினார். நூல் ஒன்று வெளியிட ஆசை பிறந்தது. பழைய கவிதைகள் முழுதாக நினைவுக்கு வரவில்லை. ஹவல் என்ற நண்பர் தூண்டினார். ராசெட்டி இசைந்தார்.

அந்தக் கல்லறை ராசெட்டி குடும்பத்துக்கு உரியது. அவருடைய தந்தையும் அங்கேதான் அடக்கமாகி இருந்தார். ஆனாலும் தாயாருக்குத் தெரியாமலேயே காரியம் நடந்தது. ராசெட்டி இடுகாட்டுக்குப் போகவில்லை. நண்பர் வீட்டில் காத்திருந்தார்.

ஏடு ஈரத்தில் ஊறிப் போயிருந்தது. டாக்டர் ஒருவர் கிருமிநாசினியில் நனைத்து, தாள் தாளாக உலர்த்திக் கொடுத்தார். ராசெட்டி மிகவும் விரும்பித் தேடிய 'ஜென்னி' என்ற கவிதையின் தாள்களில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. எலிசபெத்தின் பொற்கூந்தல் மண்ணுக்குள் வளர்ந்து பெட்டியையே நிறைத்திருந்தது என்று ஒரு கதையும் பரவியது. இறந்த பின் கூந்தல் வளர்வதில்லை. கேட்பவர் மனத்தில் தான் அது வளர்ந்தது.

1870-ல் நூல் வெளிவந்தது. பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. அதில் எலிசபெத்தோடு புதைந்து மீண்ட பாடல்களும் இருந்தன. பிற்காலத்தில் அவர் நேசித்த ஜேன் மாரிஸை எண்ணி எழுதியவை என்று ஆராய்ச்சியாளர் கருதும் காதல் பாடல்களும் இருந்தன.

வெற்றி மன நிம்மதி தரவில்லை. 1871-ல் ஒரு விமர்சகர் புனைபெயரில் கடுமையாகத் தாக்கினார். ராசெட்டி நொறுங்கிப் போனார். 1872-ல் லாடனத்தைக் குடித்துச் சாவின் விளிம்புவரை போய் மீண்டார். குளோரல் என்ற தூக்க மருந்துக்கு அடிமையானார். 1882-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, பர்ச்சிங்டன் என்ற கடற்கரை ஊரில் காலமானார். ஹைகேட்டில் மட்டும் தம்மைப் புதைக்கக் கூடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே பர்ச்சிங்டனில் அடக்கம் செய்தார்கள்.

யாரும் தோண்டாத கவிதைகள்

ராசெட்டியின் தங்கை கிறிஸ்டினாவும் சிறந்த கவிஞர். அண்ணனின் ஓவியக் கூடத்தைப் பற்றி 1856-லேயே அவர் ஒரு கவிதை எழுதினார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒரே முகம். ஆனால் அது உண்மையில் இருக்கும் பெண் அல்ல, அண்ணனின் கனவில் இருக்கும் பெண் என்பது அதன் கருத்து. எலிசபெத் உயிரோடு இருந்த போதே அவர் அதைக் கண்டு கொண்டார். கிறிஸ்டினாவும் பின்னர் அதே ஹைகேட் கல்லறையில் எலிசபெத்தோடு அடக்கமானார்.

எலிசபெத் எழுதிய கவிதைகள் என்ன ஆயின? அவள் இருந்தவரையில் ஒன்றுகூட அச்சேறவில்லை. பல ஆண்டுகள் கழித்து வில்லியம்தான் சிலவற்றை வெளியிட்டார். வாடும் காதல், நெருங்கி வரும் மரணம், இளைப்பாற ஓர் இடம்: இவையே அந்தச் சிறு பாடல்களின் பொருள்.

கணவரின் துயரக் கவிதைகளை மீட்க நள்ளிரவில் மண்ணைத் தோண்டினார்கள். மனைவியின் துயரக் கவிதைகளைப் படிக்கக் கல்லறையைத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. அவை வீட்டிலேயே, காகிதக் கட்டுக்குள், காத்துக் கிடந்தன.