ஆழிக்குமரன் ஆனந்தன்: வெதுநீரில் வென்றவர், குளிர்நீரில் மறைந்தவர்

பன்விலவுக்கு ஆசிரியராக மாற்றலாகி வந்த முதல் வாரம் ஹுலு கங்கையில் குளிக்க இறங்கினேன். வடமராட்சிக் கடலோரத்தில் பிறந்தவன், நீந்தத் தெரியும் என்ற துணிச்சல். நக்கிள்ஸ் மலையிலிருந்து வரும் தண்ணீர் நெஞ்சளவுக்கு ஏறியதும் மூச்சு அடைத்தது. கையை வீச முடியவில்லை. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த தோட்டத்து அம்மா ஒருவர் சிரித்துவிட்டு, முதலில் முகத்தையும் கழுத்தையும் நனைத்துக்கொண்டு மெல்ல இறங்கச் சொன்னார். அன்று இரவெல்லாம் எனக்கு ஆழிக்குமரன் ஆனந்தனின் நினைவுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் அவரைத் தெரியாத மூத்தவர்கள் இல்லை. முழுப்பெயர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். 1943 மே 25 ஆம் திகதி வல்வெட்டித்துறையில் பிறந்தவர், சட்டத்தரணி. அவருக்கு முன்பே 1954 இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்திருந்தார். ஆனந்தன் 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப்போய், நீந்தியே திரும்பியும் வந்தார். 51 மணித்தியாலங்கள்.

இந்தக் கணக்கை நான் வகுப்பில் போட்டுக் காட்டுவதுண்டு. ஒரு வழி நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். போகவர 60. அதை 51 ஆல் வகுத்தால் மணிக்கு 1.2 கிலோமீற்றர்கூட இல்லை. கொழுந்துக் கூடையோடு மலை ஏறும் எங்கள் தாய்மார் இதைவிட வேகமாக நடப்பார்கள். நீண்டதூர ஓட்டத்தில் முதல் சுற்றிலேயே பாய்ந்து, மூன்றாம் சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரிடம் இருந்தது வேகம் அல்ல. நித்திரையையும் நீரோட்டத்தையும் தாங்கி, ஒரே அளவில் சக்தியைச் செலவழிக்கும் பழக்கம்.

மற்றச் சாதனைகளும் அதே வகைதான். 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணித்தியாலம் 28 நிமிடம் சைக்கிள் ஓடினார். தூரம் 1,487 மைல், மணிக்கு 13 கிலோமீற்றருக்கும் குறைவு. அடுத்த ஆண்டு அதே பூங்காவில் ஒற்றைக்காலில் 33 மணித்தியாலம் நின்றார். 1981 இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் நின்ற நிலையிலேயே 80 மணித்தியாலம் மிதந்தார். கின்னஸ் புத்தகத்தில் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஒற்றைக்காலில் நிற்பதெல்லாம் விளையாட்டா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருநாள் முயன்று பார்த்தேன், பதினொரு நிமிடம்!

பிறகு ஆங்கிலக் கால்வாய். அதன் ஒடுங்கிய இடத்தின் அகலம் சுமார் 33 கிலோமீற்றர், ஏறக்குறைய நம்முடைய பாக்குநீரிணை அளவுதான். இருமடங்கு தூரத்தை நீந்தியவருக்கு இது என்ன பெரிது என்றுதான் நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஆனால் நமது கடல் 27, 28 பாகை செல்சியஸ் இருக்கும். அந்தக் கால்வாய் ஓகஸ்டிலும் 16, 17 தான். தண்ணீர் உடற்சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் விரைவாக இழுத்தெடுக்கும். சூடு இறங்கினால் முதலில் கைவிரல்கள் விறைக்கும், பிறகு புத்தி மந்தமாகும், தான் களைத்துவிட்டதே நீந்துபவருக்குத் தெரியாமல் போகும். மெதுவாக நீந்துபவர் அந்தக் குளிரில் அதிக நேரம் கிடக்க வேண்டும். இங்கே பலமாக இருந்த நிதானம், அங்கே எதிரியாகும் கடல் அது. குளிர்தாங்கி உடை அணிந்தால் முறையான நீச்சலாக ஏற்கவும் மாட்டார்கள். இன்று அங்கே இறங்க விரும்புபவர், 16 பாகை அல்லது அதற்கும் குறைந்த நீரில் ஆறு மணித்தியாலம் நீந்திக் காட்ட வேண்டும்.

1984 ஓகஸ்ட் 6 ஆம் திகதி அந்த முயற்சியிலேயே ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41. கறுப்பு யூலைக்கு ஓராண்டுதான் கடந்திருந்தது. அதற்குப் பிறகு எங்கள் கடல், பாஸ் வாங்கி இறங்கும் கடலாகியது. கடற்கரையிலேயே பிறந்து நீந்தத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். என் தம்பி அவர்களில் ஒருவன். ஆனந்தனுக்குப் பின் இன்னொருவர் அங்கிருந்து ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது சனிக்கிழமைகளில் நானும் உயர்தர வகுப்புப் பெடியன்கள் நாலுபேரும் ஹுலு கங்கையில் இறங்குகிறோம். முகம், கழுத்து, பிறகு நெஞ்சு. ஆழமில்லாத இடம், கரையில் ஒருவர் நேரம் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். முதல் வாரம் நான் மூன்று நிமிடம். போன சனிக்கிழமை பதின்நான்கு.