வள்ளல் பச்சையப்ப முதலியார்

அறத்திற்கெனப் பொருளை எழுதி வைத்தல் அரிது. எழுதி வைத்த அறம் தடையின்றி நடைபெறுதல் அதனினும் அரிது. இவ்வுண்மைக்குப் பச்சையப்ப முதலியார் சரித்திரமே சான்றாகும்.

இவர் 1754-ஆம் ஆண்டிற் பிறந்தவர். பிறக்குமுன்னரே தந்தையை இழந்தார். அன்னையார் பூச்சியம்மாள் வறுமையிடையே இவரை வளர்த்தனர். பின்னர்ச் சென்னையில் பௌனி நாராயண பிள்ளையின் ஆதரவு பெற்று, ஆங்கிலம் அறிந்து, துபாஷித் தொழிலிற் புகுந்து பெருஞ்செல்வரானார். 1794-இல் மரண சாசனம் எழுதித் தம் பொருளை ஆலயத் தருமங்களுக்கு உரியதாக்கி, அவ்வாண்டிலேயே காலமாயினார்.

அதன்பின் நிகழ்ந்ததென்ன? அப்பொருள் வழக்கிற் சிக்கி, நாற்பதாண்டுகளுக்கு மேலும் அவர் கருதிய பயனைத் தாராது கிடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் துரையின் பெருமுயற்சியால் நியாயஸ்தலம் அதனை ஒழுங்குபடுத்தி, கோயிற் கட்டளைகள் போக எஞ்சியதைக் கல்விக்கு ஆக்கிற்று. 1842 ஜனவரி முதல் நாள் சென்னையிற் பாடசாலை திறக்கப்பெற்றது. ஏழைச் சிறுவர்க்கு ஆங்கிலத்துடன் தமிழும் தெலுங்கும் ஆங்கு இலவசமாகக் கற்பிக்கப்பட்டன. பிள்ளைகள் தாய்மொழியை இழவாமலே, உத்தியோகத்திற்கு வேண்டிய ஆங்கிலத்தையும் பெறலாயினர். 1889-இல் அது கல்லூரியாயிற்று.

குறையும் ஒன்றுண்டு. 1947 வரை ஹிந்துக்களல்லாதார்க்கு ஆங்கு இடமில்லை. அறத்தின் வாயில் மெல்லவே அகன்றது.

அன்பர்களே! தந்தையற்ற ஒரு சிறுவனுக்கு ஒருவர் அளித்த ஆதரவே பிற்காலத்தில் எண்ணிறந்த பிள்ளைகளின் கல்வியாக விளைந்தது. ஆயினும் இடையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அப்பயனை இழந்தனர். கல்விநிதி திரட்டும் சங்கத்தார் யாவரும் இதனை மறவாதிருப்பாராக.