சர் சையத் அஹ்மத் கானின் கடிதக் கட்டுகள்

சர் சையத் அஹ்மத் கான் என்றதும் நமக்கு அலிகர் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1875-இல் அந்தக் கல்லூரி தோன்றுவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே அவர் ஓர் அறிவியல் சங்கம் தொடங்கி நடத்தினார். அச்சங்கத்தின் செயலாளர்களும் அறிஞர்களும் அதிகாரிகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அலிகர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை 1967-இல் யூசுப் ஹுசைன் நூலாகத் தொகுத்தார்.

1817-இல் டெல்லியில் பிறந்தவர் சர் சையத். டெல்லியின் பழங்கட்டடங்கள் பற்றி 1847-இல் அவர் எழுதிய நூலுக்காக லண்டன் ராயல் ஆசியவியல் கழகம் பின்னாளில் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. 1857 கிளர்ச்சியின்போது பிஜ்னோரில் நீதித்துறை அலுவலராக இருந்தார். டெல்லியில் சிக்கியிருந்த தாயாரை மீட்டு மீரட்டுக்குக் கொண்டு வந்தும் காப்பாற்ற முடியவில்லை.

அந்தச் சிதைவுக்குப் பிறகு அவர் மனத்தில் நின்றது கல்வி ஒன்றுதான். மேலை நாட்டு நூல்களை உருதுவில் பெயர்த்துத் தந்தால் மக்கள் தாமே படித்து மேலேறுவார்கள் என்று நம்பினார். 1864 ஜனவரி 9 அன்று காஜிப்பூரில் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு அவருக்கு மாற்றல் வரவே அலிகருக்குச் சென்றது. முஸ்லிம்கள், இந்துக்கள், ஆங்கிலேயர் என மூன்று தரப்பினரும் உறுப்பினர்கள். எல்பின்ஸ்டனின் இந்திய வரலாறு உள்ளிட்ட நூல்கள் உருதுவுக்கு வந்தன. 1866-இல் தொடங்கிய சங்க இதழில் உருதுவும் ஆங்கிலமும் அருகருகே அச்சாயின. மறு ஆண்டு அவர் பனாரஸுக்கு மாற்றப்பட்டதும் பொறுப்பை ஏற்றவர் நண்பர் ராஜா ஜெய் கிஷன் தாஸ்.

அதே 1867-இல் சர் சையதும் நண்பர்களும் வைஸ்ராய்க்கு ஒரு மனு அனுப்பினார்கள். உயர்கல்வியைத் தாய்மொழியில் தரும் பல்கலைக்கழகம் வேண்டும் என்பது கோரிக்கை. உயர்கல்விக்குப் போதிய நூல்கள் அம்மொழிகளில் இல்லை என்று அரசு தட்டிக்கழித்தது. அந்த நூல்களை உண்டாக்கத்தானே சங்கம் பாடுபட்டுக்கொண்டிருந்தது! இதற்கிடையே தாய்மொழி என்றால் உருதுவா இந்தியா என்ற வாக்குவாதமும் கிளம்பிவிட்டது.

1869-இல் மகன்கள் ஹாமித், மஹ்மூத் இருவருடன் லண்டன் சென்றார். அங்கிருந்து எழுதிய கடிதங்கள்தாம் நெஞ்சைத் தொடுபவை. நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையைக் குறைகூறி நூல் எழுதிய வில்லியம் மூர்தான் அப்போது வடமேற்கு மாகாணத் துணை ஆளுநர். தாம் ஊழியம் பார்த்த மாகாணத்தின் தலைவருக்கே மறுப்பு நூல் எழுதப் புறப்பட்டார் சர் சையத். அச்சுச் செலவுக்குப் பணமில்லை. தம் புத்தகங்களையும் வீட்டுப் பாத்திரங்களையும் விற்றாவது பணம் அனுப்பும்படி நண்பர் முஹ்சினுல் முல்க்குக்கு எழுதினார். 1870-இல் நூல் வெளிவந்தது. அவருடைய மார்க்க விளக்கங்கள் பலவற்றை ஆலிம்கள் ஏற்கவில்லை. ஆனாலும் இந்த உழைப்பை யாரும் மறுப்பதற்கில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் அதே நண்பருக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு வேதனை. சங்கத்தின் இதழும் மொழிபெயர்ப்புகளும் இந்தியில் வர வேண்டும் என்று இந்து உறுப்பினர்களைத் தூண்டும் முயற்சி நடப்பதாக அறிந்து, இனி இரு சமூகங்களும் ஒன்றுபட முடியாது என்று மனமுடைந்து எழுதினார்.

மொழிபெயர்ப்பால் மட்டும் சமுதாயம் உயரும் என்ற நம்பிக்கையும் மெல்லக் கரைந்தது. பிள்ளைகள் ஆங்கிலத்தையே கற்க வேண்டும் என்று அவர் கருதலானார். பிள்ளையைத் தமிழ் வழியில் சேர்ப்பதா ஆங்கில வழியில் சேர்ப்பதா என்று வேங்கிக்காலிலும் வாணியம்பாடியிலும் இன்று தடுமாறும் பெற்றோருக்கு அந்தக் குழப்பம் புதிதாக இராது. ஊர் திரும்பியதும் கல்லூரி வேலையில் இறங்கினார். 1898 மார்ச் 27 அன்று காலமானார். 1901-இல் அவர் உருவாக்கிய கல்வி மாநாடு சென்னையில் கூடியது. 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி எழுந்தது.

மொழிச் சண்டை அவரையும் ஜெய் கிஷன் தாஸையும் மட்டும் பிரிக்கவில்லை. பேரன் ராஸ் மசூதுக்கு பிஸ்மில்லாஹ் ஓதி எழுத்தறிவித்த நாளில், குழந்தையை மடியில் வைத்திருந்தவர் அந்த ராஜாதான்.