குளிர்காலத்து ஓக் மரம்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 19-ஆம் தேதி உலக ஒளிப்பட நாள் கொண்டாடப்படுகிறது. 1839-ஆம் ஆண்டில் அதே நாளில்தான், பிரான்ஸின் லூயி டாகேர் கண்டறிந்த படமெடுக்கும் முறை பாரீஸில் வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும் அப்படத்துக்குப் பிரதி கிடையாது. ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான். ஒரு மூலத்திலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வழியை வகுத்தவர் இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். அந்த நாள் வரும்போதெல்லாம் எனக்கு டால்பட்டின் நினைவே வருகிறது. கூடவே, அவர் எடுத்த ஒரு மரத்தின் படமும்.

அது 1842-43 வாக்கில் எடுக்கப்பட்டது. இலைகள் யாவும் உதிர்ந்துபோன ஓர் ஓக் மரம் வெளிறிய வானத்தின் முன் நிற்கிறது. படத்தில் மனிதர் இல்லை. நிகழ்ச்சி ஏதும் இல்லை. ஆயினும், அடிமரத்திலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து நுனிக் குச்சிக்கும் ஏறும் கண் அவ்வளவு எளிதில் இறங்கிவருவதில்லை. கைப்பேசியில் நானும் எத்தனையோ மரங்களைப் படமெடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் இவ்வாறு பார்த்ததில்லை என்பதை இந்தப் படமே எனக்கு உணர்த்தியது.

டால்பட் 1800 பிப்ரவரி 11-இல் பிறந்தவர். அவர் சில மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை பெருங்கடனை விட்டுவிட்டு இறந்துபோனார். வில்ட்ஷயர் பகுதியிலுள்ள லேகாக் என்னும் சிற்றூரில், முன்னொரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த குடும்ப மாளிகை வாடகைக்கு விடப்பட்டது. தாயின் திறமையால் கடன் அடைந்து, 1827-இல்தான் அவர்களால் அங்கே குடியேற முடிந்தது. அதற்குள் அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று தேர்ந்திருந்தார். தாவரவியலில் அவருக்கிருந்த ஈடுபாடு பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியது. கணிதம், ஒளியியல், வேதியியல், தாவரவியல் என்று பல துறைகளில் உழைத்த அவருக்கு, லண்டன் ராயல் சொசைட்டி 1831-இல் உறுப்பினர் தகுதி அளித்தது.

இத்தனை அறிந்தவருக்கு ஒன்று மட்டும் கைவரவில்லை. அவருக்கு வரையத் தெரியாது. 1833 அக்டோபரில், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் அவர் குடும்பத்தினரோடு தங்கியிருந்தார். மனைவியும் சகோதரிகளும் அழகாக வரைந்துகொண்டிருக்க, காட்சியைத் தாளின்மீது விழச்செய்யும் கருவியின் துணையிருந்தும் அவர் வரைந்தது கிறுக்கலாகவே முடிந்தது. ஒளி கொண்டுவரும் உருவம் தாளில் தானாகவே தங்கிவிட்டால் என்ன என்று அவர் எண்ணியது அப்போதுதான். வரையத் தெரியாத ஒருவரின் வருத்தத்திலிருந்து ஒரு புதிய கலை பிறந்தது.

ஊர் திரும்பியதும் சோதனைகள் தொடங்கின. உப்புநீரில் நனைத்த தாளில் வெள்ளி நைட்ரேட்டைப் பூசி, அதன்மீது இலைகளையும் சரிகை வேலைப்பாடுள்ள துணிகளையும் வைத்து வெயிலில் காட்டினார். வெயில் பட்ட இடம் கறுத்தது. மறைந்த இடம் வெண்மையாக நின்றது. 1835 ஆகஸ்டில் மாளிகையின் சாளரமொன்றைச் சிறு பெட்டிக் கருவியால் படமெடுத்தார். தபால்தலை அளவே உள்ள அந்தத் தாள்தான் இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய எதிர்ப்படம். ஆனால் வேறு ஆய்வுகளில் மூழ்கிய அவர் இதை வெளியிடாமல் இருந்துவிட்டார். 1839 ஜனவரியில் டாகேரின் அறிவிப்பு வந்தபோது, பெரும் புகழ் கைநழுவிப் போயிருந்தது. அந்த மாதமே தம் படங்களை லண்டனில் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், கண்ணுக்குத் தெரியாமல் தாளில் பதிந்திருக்கும் உருவத்தை வேதிப்பொருளால் வெளிக்கொணர முடியும் என்று கண்டறிந்தார். நெடுநேரம் பிடித்த வேலை நிமிடங்களில் முடியலாயிற்று.

அதன் பிறகே அவரது கருவி மரங்களின் பக்கம் சென்றது. மரங்களுக்குக் குளிர்காலம் பொருந்தியதற்கு வேதியியலிலும் காரணம் உண்டு. அவர் தாளில் இருந்த வெள்ளி உப்பு நீல ஒளியை நன்றாக உணரும். பச்சையை ஏறத்தாழ உணராது. ஆகவே, கோடையில் செழித்து நிற்கும் மரம் படத்தில் கறுத்த திட்டாகிவிடும். காற்றில் ஆடும் இலைகளோ மேலும் கலங்கலாகும். இலையுதிர்ந்த மரம் அசைவின்றி நிற்கும். வானம் வெண்மையாகப் பதிவதால் ஒவ்வொரு குச்சியும் தனித்துத் தெரியும். ஆனால், இங்கிலாந்தின் குளிர்காலத்தில் வெயில் குறைவு. ஒரு பருவம் ஒளியைத் தந்து மரத்தை மறைத்தது. மற்றொரு பருவம் மரத்தைக் காட்டி ஒளியைக் குறைத்தது. மரத்தையும் வானத்தையும் நாள் பார்த்துக் காத்திருந்தவருக்கே அந்த ஓக் மரம் கிடைத்திருக்கும். முதற்சோதனைகளில் தாளின்மீது பரப்பிய சரிகைத் துணியைத்தான் அவர் வானத்தில் விரிந்த கிளைகளில் மறுபடியும் கண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் வாழ்வில் நிழல் விழுந்த பகுதியும் உண்டு. 1841-இல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்று, அதைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் கேட்டார். காப்புரிமை செல்லாத ஸ்காட்லாந்தில் அம்முறை செழித்தது. இங்கிலாந்திலோ கசப்பே வளர்ந்தது. இயற்கையே வரைகிறது என்று நம்பியவர் அந்த வரைகோலுக்கு வேலி போட்டது முரண்தான். 1854-இல், பிறிதொருவர் கண்டறிந்த புதிய முறையும் தம் உரிமைக்குள் அடங்கும் என்று வாதாடிய வழக்கில் அவர் தோற்றார். 1844 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட அவரது ஒளிப்பட நூலும் 24 படங்களோடு நின்றது. படங்கள் மங்குகின்றன என்ற புகார் வேறு. மங்காத படத்தைத் தேடி, ஒளிப்படத்தை அச்சுத் தகட்டில் செதுக்கும் வழியை ஆராய்வதில் அவர் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 1877 செப்டம்பர் 17-இல் லேகாக்கிலேயே காலமானார்.

ஓக் மரத்தைப் போலவே, லேகாக்கில் நின்ற பெரிய எல்ம் மரம் ஒன்றையும் அவர் படமெடுத்திருக்கிறார். அவர் காலத்தில் எல்ம் மரங்கள் ஆங்கில நாட்டுப்புறத்தின் நிலையான காட்சி. 1970-களில் வண்டுகள் பரப்பிய பூஞ்சை நோயால் அவை கோடிக்கணக்கில் மடிந்தன. வளர்ந்த எல்ம் மரத்தை ஆங்கிலேயரில் ஒரு தலைமுறையே பெரும்பாலும் படத்தில்தான் பார்த்திருக்கிறது. என்றுமிருக்கும் என்று நினைத்து யாரும் நின்று பார்க்காத ஒன்றை ஒருவர் நின்று பார்த்தார். அதனால் அதன் உருவமாவது எஞ்சியது.

இன்று படமெடுக்க நமக்கு ஒரு நொடியும் வேண்டியதில்லை. டால்பட்டுக்கு வாய்க்காத வசதி அது. அவரிடமிருந்த பொறுமைதான் நமக்கு வாய்க்கவில்லை. அடுத்த முறை ஒரு மரத்தின் முன் கைப்பேசியை உயர்த்தும்போது, அதன் கிளைகள் எங்கே பிரிகின்றன என்று முதலில் ஒரு நிமிடம் பார்க்கப் போகிறேன். படம் அதன் பிறகு ஆகட்டும்.